வாத்தியார் வேலைக்குப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி, போனஸ், பஞ்சப்படி, வேலைநேரம் இவைதான் நம் கூட்டங்களில் வழக்கமாக அடிபடும் விஷயங்கள். இன்று வேறொரு விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளின் விஷயம். "இதில் சங்கம் பேச என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் உங்களுக்கே விளங்கும்.

நம் லைன் வீடுகளிலும் குடிசைத் தெருக்களிலும் "மகள் டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள்", "பையன் பி.எட். படிக்கிறான்" என்று சொல்லும் வீடுகள் இன்று குறைவல்ல. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு இரண்டு வருடம் தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்கிறவர்கள் ஒரு பக்கம். பட்டம் வாங்கியபின் பி.எட். படிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். முன்பு ஒரு வருடமாக இருந்த பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டு வருடமாகிவிட்டது. கூலிக்காரன் வீட்டில் இதற்கு என்ன அர்த்தம்? இன்னொரு வருடக் கட்டணம்; இன்னொரு வருட பஸ் செலவு; சம்பாதிக்க வேண்டிய ஒரு ஆள் இன்னொரு வருடம் சம்பாதிக்காமல் இருப்பது.

ஆனாலும் அனுப்புகிறோம். காதில் கிடப்பதைக் கழற்றி அடகு வைத்தாவது அனுப்புகிறோம். ஏன் அனுப்புகிறோம் என்பதை முதலில் பார்ப்போம்.

மாட்டைப் பார்க்கச் சொன்ன காலம்

1953-ஆம் வருடத்தை நினைத்துப் பாருங்கள். சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாக இருந்த ராஜாஜி, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான் பாடம். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். இதுதான் திட்டம். செருப்புத் தைப்பவர் பிள்ளை தோலைப் பார்க்க வேண்டும். பண்ணையாள் பிள்ளை மாட்டைப் பார்க்க வேண்டும். 'குலக்கல்வித் திட்டம்' என்று ஜனங்கள் அதற்குப் பெயர் சூட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் காமராஜ் முதன்மந்திரியானதும் திட்டம் கைவிடப்பட்டது. 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பசித்த வயிறு பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தது.

அன்று மாட்டைப் பார்க்கச் சொல்லப்பட்ட பிள்ளையின் பேத்திதான் இன்று சாக்பீசைக் கையில் பிடித்துக்கொண்டு கரும்பலகை முன்னால் நிற்கிறாள். இது சாதாரண விஷயமல்ல, தோழர்களே! இந்த இடத்துக்கு வந்து சேர மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது.

மூன்று ஆசைகள்

அந்தப் பெண்ணின் ஆசை என்ன? மாதம் பிறந்தால் நிலையான சம்பளம் வர வேண்டும் என்பது முதல் ஆசை. மழை பெய்தால் வேலை, காய்ந்தால் பட்டினி என்ற குடும்பத்தில் பிறந்தவளுக்கு இந்த ஆசை வராமல் என்ன செய்யும்? அப்பன் வாங்கிய கடனை அடைக்க வேண்டும். தம்பியைப் படிக்க வைக்க வேண்டும்.

இரண்டாவது ஆசை மரியாதை. அவளுடைய அம்மாவை "ஏய்" என்றும் "அடியே" என்றும் கூப்பிட்ட அதே தெருவில், அவளை "டீச்சர்" என்று கூப்பிட வேண்டும். இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். தலைமுறை தலைமுறையாக மரியாதை மறுக்கப்பட்டவர்களுக்கு அது சோற்றுக்கு அடுத்தபடியான பசி.

மூன்றாவது ஆசையைப் பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள். பள்ளிக்கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, ஒன்றும் விளங்காமல், கேட்கவும் துணிவில்லாமல் இருந்த நாட்கள் அவளுக்கு உண்டு. தன் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருக்கக் கூடாது என்று நினைக்கிறாள். முதல் இரண்டு ஆசையும் நிறைவேறினால் அவள் குடும்பம் பிழைக்கும். மூன்றாவது நிறைவேறினால் நம் தெருவே பிழைக்கும்.

முதல் கவலை: வகுப்பறை

ஆசை இருக்கும் இடத்தில் கவலையும் இருக்கும். பயிற்சிக்குப் போகும் பெண்கள் எங்களிடம் மனம்விட்டுப் பேசுவதுண்டு. அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

"ராத்திரி கண்விழித்துப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு போனேன், தோழர். நாற்பது நிமிஷத்துக்கு எழுதியது பதினைந்து நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று. மிச்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் போர்டைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டிருந்தேன்" என்கிறாள் ஒருத்தி.

"ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை இருக்கிறது. புத்தகத்தில் இருப்பதை நடத்தினால் அதற்குப் புரியாது. அதற்குப் புரிகிறதை நடத்தினால் பாடம் முடியாது. நான் எதைச் செய்ய?" என்கிறாள் இன்னொருத்தி.

"நம் வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டால் சிரிப்பார்களோ?" "பையன் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால்?" "பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் மேடம் என்ன எழுதுகிறார்களோ?" இப்படி ஆளுக்கு ஒரு பயம்.

அந்தப் பெண்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். அம்மா, இது நல்ல கவலை. பிள்ளைகளைப் பற்றி அக்கறை இல்லாதவனுக்கு இந்தக் கவலை வராது. சம்பளத்துக்கு மட்டும் வருகிறவன், பதினைந்து நிமிஷத்தில் பாடம் தீர்ந்தால் மிச்ச இருபத்தைந்து நிமிஷம் நிம்மதியாக உட்கார்ந்திருப்பான்.

இந்தப் பயம் தீரும். எப்படித் தீரும்? இங்கே இருக்கும் ஆலைத் தொழிலாளர்களைக் கேளுங்கள். ஸ்பின்னிங்கில் புதிதாகச் சேர்ந்தவன் அறுந்த நூலைப் பிணைக்கத் தெரியாமல் தடுமாறுவான். ஒன்றைப் பிணைப்பதற்குள் நான்கு அறுந்திருக்கும். ஆறு மாதம் கழித்து அவன் விரல் கண்ணை எதிர்பார்க்காது. நடவுப் பெண்களைக் கேளுங்கள். புதிதாக வயலில் இறங்கியவளின் நடவு கோணலாகப் போகும்; வரிசையில் பின்தங்குவாள். பக்கத்தில் நடுகிற அக்கா சத்தமில்லாமல் அவள் பங்கில் நாலு நாற்றைச் சேர்த்து நட்டுக்கொண்டு போவாள். அப்படித்தான் தொழில் கைக்கு வந்தது. வாத்தியார் வேலையும் ஒரு தொழில். அதுவும் கை பழகித்தான் வரும்.

அதனால்தான் பி.எட். படிப்பின் இரண்டு வருடத்தில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் விதி செய்தது. அந்த 20 வாரம்தான் படிப்பின் உயிர். ஆனால் சில தனியார் ஸ்தாபனங்கள் என்ன சொல்கின்றன? "பணத்தைக் கட்டுங்கள், வகுப்புக்கு வரவேண்டியதில்லை, வருகைப் பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கின்றன. கூலிவேலையை விட முடியாத பிள்ளைகள் இதைக் கேட்டு மயங்குகிறார்கள். பணம் கொடுத்தால் சான்றிதழ் கிடைக்கும். நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும் தைரியத்தை எந்தக் கடையில் வாங்குவது?

நம் பெண்ணிடம் இருக்கும் சொத்து

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு பையன் காலையிலேயே தூங்கிவிழுகிறான். விவரம் தெரியாத ஆசிரியர் "சோம்பேறி" என்பார், பெஞ்சுமேல் ஏற்றுவார். நம் வீட்டிலிருந்து போன பெண்ணுக்குக் காரணம் தெரியும். அம்மா நாலு மணிக்கு எழுந்து நடவுக்குப் போனாள்; அப்பன் ராத்திரி ஷிப்டு; கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தவன் இந்தப் பையன். கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ குடும்பத்தோடு போய்விட்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பிய பிள்ளைக்கு ஏன் பாடம் புரியவில்லை என்பதையும் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. வீட்டுப் பேச்சு வாயில் வருகிறதே என்று வெட்கப்படுகிறாளே, அந்தப் பேச்சுத்தான் முதல் வகுப்புப் பிள்ளையின் பயத்தைப் போக்கும். அந்தப் பேச்சிலிருந்து புத்தகத் தமிழுக்குப் பிள்ளையைக் கைபிடித்து அழைத்துப்போவதே அவள் வேலை. பதில் தெரியாத கேள்வி வந்தால், "எனக்கும் தெரியவில்லை, பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லட்டும். மறுநாள் மறக்காமல் சொல்லட்டும். பெரியவர்களும் தேடித்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் அன்று கற்றுக்கொள்வார்கள்.

சரித்திரத்தைப் பாருங்கள். புனாவில் 1848-ல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தப் புறப்பட்ட சாவித்திரிபாய் புலே யார்? சிறு வயதில் கல்யாணமாகி, புருஷன் ஜோதிராவிடம் எழுத்துக் கற்று, அதன்பின் ஆசிரியப் பயிற்சியும் பெற்ற பெண். பள்ளிக்குப் போகும் வழியில் அவர்மேல் சேற்றையும் சாணத்தையும் எறிந்தார்கள். மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். பள்ளியை விட்டுவிடவில்லை.

நம் பக்கத்தில் 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தைப் பாருங்கள். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் கூலிவேலை செய்யும் பெண்களும் பொழுது சாய்ந்தபின் எழுத்துக் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள். கற்றுக்கொடுத்த தொண்டர்களில் பெரும்பாலோர் பயிற்சிக் கல்லூரியைக் கண்ணால் கண்டிராத உள்ளூர் இளைஞர்கள். படிக்க வந்தவர்களின் வாழ்க்கை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதுவே அவர்களுக்குப் பெரிய பலம்.

இரண்டாவது கவலை: வேலை

இனி இரண்டாவது கவலைக்கு வருவோம். படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதை ஒட்டி, பயிற்சி முடித்தவர்களும் தகுதித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும் என்று 2010-ல் விதி வந்தது. தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. 6 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள். தேறியவர்கள் எத்தனை பேர்? 2,500 பேர்கூட இல்லை!

உடனே மேதாவிகள் சிலர், "பார்த்தீர்களா, நம் ஆசிரியர்களின் லட்சணத்தை!" என்று எழுதினார்கள். உண்மை என்ன? கேள்விகள் 150. கொடுத்த நேரம் ஒன்றரை மணி. கேள்வியைப் படித்து, யோசித்து, விடையைக் குறிக்கக் கேள்விக்கு 36 விநாடி! நியாயம் கேட்டுக் குரல் எழுந்தது. தேறாதவர்களுக்கென்று அக்டோபரில் மறுதேர்வு வைத்தார்கள். நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். இந்தத் தடவை 19,000-க்கு மேல் தேறினார்கள். மூன்று மாதத்தில் ஏழு மடங்குக்கும் மேல்! இந்த மூன்று மாதத்தில் நம் பிள்ளைகளின் மூளை வளர்ந்துவிட்டதா? இல்லை. கடிகாரம் மாறியது. அவ்வளவுதான். ஜூலையில் "நான் மண்டு" என்று நினைத்து மூலையில் உட்கார்ந்து அழுத பெண்களில் எத்தனையோ பேர் அக்டோபரில் தேறிவிட்டார்கள்.

தேறினால் வேலையா? அதுவும் இல்லை. தகுதித் தேர்வில் தேறியவர்கள் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று 2018-ல் உத்தரவு வந்தது. இடைநிலை ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு நடந்தது 2024 ஜூலையில். இடையில் ஆறு வருடம். 2013-ல் தேறியவர்கள் சான்றிதழை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தச் சான்றிதழும் ஏழு வருடத்துக்குத்தான் செல்லும் என்று இருந்தது. 2021-ல்தான் ஆயுள் முழுவதும் செல்லும் என்று மாற்றினார்கள்.

வேலை கிடைத்தவர்கள் கதை என்ன? 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். அதே வகுப்பு, அதே பாடம், அதே பிள்ளைகள். ஒரு நாள் பிந்திச் சேர்ந்த குற்றத்துக்கு 3,170 ரூபாய் அபராதம்! சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் சென்னையில் எத்தனையோ தடவை உண்ணாவிரதம் இருந்தார்கள். 2012-ல் பகுதிநேர ஆசிரியர்கள் என்று 16,000-க்கு மேற்பட்டவர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில் மாலை வேளையில் பாடம் சொன்ன தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அவர்களிலும் பயிற்சி முடித்த பெண்கள் இருந்தார்கள். கொரோனாவால் எழுத்து மறந்த பிள்ளைகளுக்கு அவர்கள் செய்தது நல்ல தொண்டு. ஆனால் தொண்டைக் காட்டி உத்தியோகத்தை மறைக்கக் கூடாது அல்லவா?

பதிலி என்றால் என்னவென்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் விளக்கத் தேவையில்லை. கேட்டில் காத்து நிற்பது. கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. அந்தப் பதிலி முறை இன்று பள்ளிக்கூடத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது. பெயர்தான் வேறு. தனியார் பள்ளிகள் சிலவற்றில் ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேறு தொகையைக் கையில் கொடுப்பதும், அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வதும் நாம் கேள்விப்படாததல்ல.

இரண்டையும் கலக்காதீர்கள்

தோழர்களே, இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். முதல் கவலை வகுப்பறையைப் பற்றியது. அதை அந்தப் பெண் உழைத்துத் தீர்த்துக்கொள்ள முடியும், தீர்த்துக்கொள்ளவும் வேண்டும். இரண்டாவது கவலை உத்தியோகத்தைப் பற்றியது. அதை அவள் தனியாக எத்தனை ராத்திரி கண்விழித்துப் படித்தாலும் தீர்க்க முடியாது. பத்து இடம் காலியாக வைத்து, இரண்டு இடத்துக்கு மட்டும் ஆள் எடுத்தால், எல்லாரும் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் இரண்டு பேருக்குத்தான் வேலை. மிச்சப் பேர் முட்டாள்களா?

ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? வேலை கிடைக்காத பெண்ணைப் பார்த்து, "இவ்வளவு செலவழித்துப் படித்து என்ன கிழித்தாய்?" என்று அப்பன் கேட்கிறான். "பேசாமல் மில்லுக்குப் போயிருந்தால் கல்யாணத்துக்காவது காசு சேர்ந்திருக்கும்" என்று பாட்டி சொல்கிறாள். அவளும் அதை நம்பிவிடுகிறாள். சர்க்காரின் கணக்கில் இருக்கும் குறை அவள் தலையில் இருக்கும் குறையாகிவிடுகிறது. பிறகு நன்றாகப் பாடம் நடத்தும் பெண்ணும் வகுப்பறையில் தடுமாறுகிறாள். இரண்டு கவலையும் கலந்தால் இரண்டும் தீராது.

ஆலை மூடப்பட்டால் "நூல் நூற்கத் தெரியாதவன்" என்று உங்களை யாராவது சொன்னால் பொறுத்துக்கொள்வீர்களா? அந்த நியாயத்தை வீட்டிலிருக்கும் பெண்ணுக்கும் கொடுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, பணம் கட்டுமுன் விசாரியுங்கள். அந்த ஸ்தாபனத்துக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் சர்க்காருடையது; முதலில் அங்கே இடம் கேளுங்கள்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுவை விட்டுவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அதே சட்டம் ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் வேண்டும் என்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர், எத்தனை இடம் காலி என்று எண்ணுங்கள். தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் கசக்கும். சில வீடுகளில் மூத்த மகள் சர்க்கார் ஆசிரியையாக வேண்டும் என்று டிரெயினிங் படிக்கிறாள். கடைசிப் பையன் கடன் வாங்கிய பணத்தில் இங்கிலீஷ் நர்சரிக்கு வேன் ஏறுகிறான். சர்க்கார் பள்ளியில் பிள்ளை குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையும். அக்கா போய் உட்கார வேண்டிய நாற்காலியைத் தம்பியின் வேன் இழுத்துக்கொண்டு போகிறது! யோசித்துப் பாருங்கள்.

நான்காவது, காலிப் பணியிடங்களை நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்பது நம் கோரிக்கைப் பட்டியலில், கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வேலையில் இருக்கும் ஆசிரியர்கள் போராடும்போது, "இவர்களுக்கு என்ன குறை?" என்று டீக்கடையில் பேசுவதை நிறுத்துவோம்.

ஐந்தாவது, பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தனித்தனியாக மூலையில் உட்கார்ந்து படிக்காதீர்கள். சங்க அலுவலகம் மாலையில் சும்மா கிடக்கிறது. படிப்பகத்தில் விளக்கு இருக்கிறது. வாருங்கள், கூடிப் படியுங்கள். தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்திப் பழகுங்கள். அங்கே குறிப்பெடுக்க மேடம் இல்லை. தடுமாறினால் ஒருவருக்கொருவர் கைகொடுக்கலாம். நடவு வயலில் உங்கள் அம்மாவுக்குப் பக்கத்து அக்கா கொடுத்ததும் அந்தக் கைதான்.

வகுப்பறையைப் பற்றிய கவலையை அந்தப் பிள்ளைகள் சுமக்கட்டும்; அது அவர்கள் தொழிலின் பாரம். உத்தியோகத்தைப் பற்றிய கவலையை அவர்கள் தோளிலிருந்து இறக்கி நம் தோளில் ஏற்றிக்கொள்வோம். மூட்டை தூக்கிப் பழகிய தோள்கள் இவை. இந்த மூட்டையையும் தூக்குவோம் என்று கூறி, நம் உரையை முடித்துக்கொள்கிறோம்.